கடமானுக்கு எந்த முனை

"அம்பின் முனைதான் என்னைக் கைவிட்டது, ஆசானே" என்றான் கொற்றன்.

எயினி அம்பு செய்ய ஒரு மூங்கில் கழியை நெருப்பில் வாட்டிக் கோணல் நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.

கொற்றன் அடிவாரக் கோட்டையில் வில்வீரர்களுக்குத் தலைவனாக இருந்தவன். போரில் பேர் எடுத்தவன். வேட்டை மட்டும் கைவரவில்லை. அதைக் கற்றுக்கொள்ள, தன்னைவிட இளையவளான இந்த வேடுவப் பெண்ணிடம் வெட்கம் பார்க்காமல் வந்து சேர்ந்திருந்தான்.

"என்ன நடந்தது?" என்றாள் எயினி.

"காலையில் சுனைப்பக்கம் ஒரு கடமான். காற்றும் எனக்குச் சாதகம். விலாவில் அடித்தேன், தைத்தது. ஆனால் விழவில்லை. அம்போடு ஓடிவிட்டது."

"எந்த முனை போட்டீர்?"

"ஊசிமுனை. கவசத்தையே துளைக்கும்."

"மான் கவசம் போடுவதில்லையே."

கொற்றனின் முகம் கறுத்தது. தூணியைப் பாறையில் கவிழ்த்தான். அம்புகள் சிதறி விழுந்தன.

"எதற்கு எது என்று ஒருமுறை சொல்லிவிடுங்கள். இனி தவறமாட்டேன்."

எயினி கழியைக் கீழே வைத்தாள். அம்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

"இந்த மொட்டைமுனை காடைக்கும் முயலுக்கும். அடித்ததும் சுருண்டு விழும், கறி சிதையாது. இந்தக் கனமுனை பன்றிக்கு. அதன் எலும்பு லேசில் உடையாது. அகன்ற இலைமுனை மானுக்கு. வெட்டு அகலமாக விழும், ரத்தம் சீக்கிரம் வடியும், நெடுநேரம் தவிக்காது."

"ஊசிமுனை?"

"துளை சிறிது. ரத்தம் உள்ளேயே கட்டிக்கொள்ளும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். எழுந்திரும்."

"எங்கே?"

"உம்முடைய மான் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது."

சுனையருகே புல்நுனியில் ரத்தம் காய்ந்திருந்தது. அங்கிருந்து தடம் பிடித்தார்கள். கொற்றனுக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. அடிபட்ட விலங்கு காட்டுக்குள் ஓடி மறைய வேண்டும். இதுவோ தள்ளாடித் தள்ளாடிச் சுனையையே சுற்றி வந்திருந்தது.

வெயில் சாயும் நேரத்தில் அதைக் கண்டார்கள். உயர்ந்த கோரைப்புல்லுக்கு இப்பால், தலை தொங்க நின்றது. விலாவில் அம்பு அப்படியே இருந்தது.

எயினி அவனைப் பார்த்தாள். அவனாகவே இலைமுனையை எடுத்து நாணில் பூட்டினான். அவள் தலையசைத்தாள்.

அம்பு தைத்ததும் மான் நாலடி நடந்தது. முன்கால் மடங்கிச் சரிந்தது. பிறகு அசையவில்லை.

கொற்றனுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. "பார்த்தீர்களா? முனை சரியாக இருந்தால் போதும்."

எயினி தன் இடுப்புக் கத்தியை நீட்டினாள். "வயிற்றைத் திறவும்."

அவன் மண்டியிட்டு மானைப் புரட்டினான். கத்தியை இறக்கினான். ரத்தம் வந்தது. அதோடு வெள்ளையாக ஏதோ கசிந்தது. முதலில் கொழுப்பு என்று நினைத்தான். அது சூடாக அவன் விரல்களில் வழிந்தது.

கத்தி கையிலிருந்து நழுவியது.

எத்தனையோ களங்களில் முழங்கை வரை ரத்தத்தில் நின்றவன் அவன். இப்போது தன் கையைத் தானே பார்க்க முடியவில்லை.

"ஆசானே, இது..."

"பால்."

"காலையில் நான் கவனிக்கவில்லை."

"என்ன கவனித்தீர்?"

"தூரம். காற்று. விலா."

கோரைப்புல் அசைந்தது.

பிறந்து சில நாளே ஆன கன்று ஒன்று, கால்கள் பின்ன வெளியே வந்தது. அவர்களைக் கண்டு அது மிரளவில்லை. நேராகத் தாயிடம் போயிற்று. மூக்கால் முட்டியது. மறுபடி முட்டியது. பிறகு வாசனை பிடித்துக்கொண்டே வந்து, கொற்றனின் விரல்களை நக்கத் தொடங்கியது.

அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

எயினியை நிமிர்ந்து பார்த்துக் கேட்டான்.

"இனி இது என்ன ஆகும்?"

எயினி கன்றையே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"நீர் விட்ட அம்பு எங்கே போய் நிற்கிறது என்று நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்."