ஆனைமடுவின் ஒரே காவலாளி

கோடையில் அந்தக் காட்டில் தண்ணீர் இருந்தது ஆனைமடுவில் மட்டும்தான். மான், பன்றி, முயல் எல்லாம் அங்கேதான் குடித்தாக வேண்டும். சிறுத்தையும் அங்கேதான் பதுங்கிக் கிடக்கும்.

மடுவில் ஒரு வழக்கம் இருந்தது. ஆபத்தைப் பார்த்தவர் கத்தலாம். ஒரு குரல் கேட்டால் தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். வேறொருவர் குரலும் சேர்ந்து கேட்டால் ஓட வேண்டும். தரையில் ஆள்காட்டிக் குருவி கத்தும், மரத்தில் மந்தி கத்தும். அவ்வளவுதான் சட்டம்.

ஒருநாள் ஆள்காட்டி ஒரு கீரியைப் பார்த்துக் கத்திவிட்டது. மந்தியும் பார்க்காமலேயே சேர்ந்து கத்தியது. சினைமான் ஒன்று தண்ணீரை விட்டு ஓடி, பாறையில் இடறி விழுந்தது.

"ஒரு கீரிக்கா இந்தக் கூச்சல்?" மான் சீறியது. "வயிற்றில் குட்டி இருக்கிறது எனக்கு!"

"நான் கத்தினேன், சரி. இந்தத் தடியன் ஏன் பார்க்காமல் கத்தினான்?" என்றது ஆள்காட்டி.

"நீ கத்தினால் ஏதாவது இருக்கும் என்று நம்பினேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்!" என்றது மந்தி.

அந்த நேரம் பார்த்துக் கிளையில் வந்து உட்கார்ந்தது கரிச்சான். பளபளக்கும் கறுப்பு உடம்பு, நீண்ட வால், கூர்மையான கண். மந்தி போலவும் கத்தும், ஆள்காட்டி போலவும் கத்தும். கெட்டிக்காரப் பறவை. அதை மறுக்க முடியாது.

"ஏன் இந்தச் சண்டை? காவலை என்னிடம் விடுங்கள்!" என்றது கரிச்சான். "என் சீட்டி கேட்டால் ஆபத்து. கேட்காவிட்டால் ஆபத்து இல்லை. நிம்மதியாகக் குடிக்கலாம்!"

"கூலி?" என்றது மந்தி.

"நீங்கள் நடக்கும்போது புல்லிலிருந்து பறக்கும் பூச்சிகள் எனக்கு. இன்னொன்று. வேறு யாரும் கத்தக் கூடாது. கத்தினால் குழப்பம்."

"நீங்களும் பாருங்கள், நாங்களும் பார்க்கிறோம். அதில் என்ன கஷ்டம்?" என்று கேட்டது ஆள்காட்டி.

"என்னைவிட உனக்குக் கண் நன்றாகத் தெரியுமா?"

"தெரியாது. ஆனால் நீங்கள் கண்ணை மூடும்போது என் கண் திறந்திருக்குமே!"

"போதும், நிறுத்து!" என்றது மான். "எனக்கு நிம்மதியாக ஒரு வாய் தண்ணீர் வேண்டும். கரிச்சானே பார்த்துக்கொள்ளட்டும்."

மந்திக்கும் வேலை மிச்சம். எல்லோரும் தலையாட்டினார்கள்.

கரிச்சான் ஏமாற்றவில்லை. சிறுத்தையின் காது நுனி தெரிந்தாலே சீட்டி அடித்தது. ஒருமுறைகூடத் தப்பாக அடிக்கவில்லை. மான் குட்டி போட்டது. குட்டி துள்ளி விளையாடியது. மற்றவர்கள் சுற்றிப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். எதற்குப் பார்க்க வேண்டும்? சீட்டிதான் இருக்கிறதே!

சிறுத்தை பட்டினி கிடந்தது. முதலில் அழுதது. பிறகு யோசித்தது. யோசித்ததும் துள்ளிக் குதித்தது!

"அட! முன்பு ஒரு காட்டையே ஏமாற்ற வேண்டியிருந்தது. இப்போது ஒரு குருவியை ஏமாற்றினால் போதுமே!"

அன்றிலிருந்து அது மானைப் பார்க்கவில்லை. கரிச்சானையே பார்த்தது. கரிச்சானுக்கு எது பிடிக்கும், எங்கே போகும் என்று கவனித்தது.

கோடை மழை ஒன்று கொட்டி ஓய்ந்தது. மாலை வெயிலில் புற்றிலிருந்து ஈசல் கிளம்பியது. ஆயிரக்கணக்கில்! கரிச்சானுக்கு வாயில் எச்சில் ஊறியது.

"ஒரு வாய்தான். உடனே வந்துவிடுவேன்," என்று பறந்தது.

சிறுத்தை நாணலுக்குள் நுழைந்தது.

ஆள்காட்டி பார்த்துவிட்டது. தடை ஞாபகம் வந்தது. தூக்கி எறிந்தது. தொண்டை கிழியக் கத்தியது!

மான் தலையைக்கூடத் தூக்கவில்லை. "மறுபடியும் கீரியா? சீட்டி வரவில்லை, சும்மா இரு!"

"மானக்கா, சிறுத்தை! நாணலில்! ஓடு!"

"சீட்டி வரட்டும், ஓடுகிறேன்."

மரத்திலிருந்த மந்தி கீழே பார்த்தது. இம்முறை பார்த்தேவிட்டது. மஞ்சள் தோல், கறுப்புப் புள்ளி!

"கர்ர்! கக்! கக்!"

இரண்டு குரல். மானின் மூளை யோசிக்குமுன் கால்கள் பாய்ந்தன. மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தது. குட்டியைக் காணோம்!

குட்டி மடுவோரமே நின்றது. அது பிறந்ததிலிருந்து கேட்டது சீட்டி ஒன்றுதான். மற்றக் கத்தலுக்கெல்லாம் ஓட வேண்டும் என்று அதற்கு யார் சொன்னார்கள்?

சிறுத்தை பாய்ந்தது. ஆள்காட்டி அதன் கண்ணை நோக்கி விழுந்து கொத்தியது. சிறுத்தை தலையை உதறிய அந்த நேரத்தில் மான் மேட்டிலிருந்து இறங்கி வந்து குட்டியை முட்டித் தள்ளியது. நகம் மானின் தொடையைக் கிழித்தது. ரத்தம் வழிய, குட்டியை முன்னால் விட்டு ஓடியது மான். தப்பித்தார்கள். எப்படியோ.

கரிச்சான் வந்து சேர்ந்தது. வாயில் இன்னும் ஈசல் இறகு.

"ஐயோ! ஒரு நொடிதானே போனேன்!"

"சிறுத்தைக்கு அது போதும்," என்றது ஆள்காட்டி.

"மன்னித்துவிடு மானே. இனி ஈசல் பக்கமே போக மாட்டேன். சத்தியம்!"

மான் காயத்தை நக்கிக்கொண்டே சொன்னது: "நீ நல்லவன்தான். காவல் இரு, பூச்சியும் தின்னு. ஆனால் உன் சத்தியம் எனக்கு வேண்டாம். உன்னோடு சேர்ந்து கத்த இன்னொரு குரல் வேண்டும்."

"அப்படியென்றால் என்மேல் நம்பிக்கை இல்லையா?"

"இருக்கிறது. உன்மேல் மட்டும் இருந்ததுதான் தப்பு."

கரிச்சானுக்குக் கோபம். ஆனாலும் கிளைக்குத் திரும்பிக் காவலுக்கு உட்கார்ந்தது.

காட்டு மடுவானாலும் சரி, கோடிப் பேர் புழங்கும் இணையமானாலும் சரி, எதை நம்பலாம் எது ஆபத்து என்று சொல்லும் அதிகாரத்தை, எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், ஒருவரிடம் மட்டும் கொடுத்துவிட்டு மற்றவர் வாயை அடைக்கக் கூடாது.