பட்ட சிரமத்துக்குத் தக்க கூலி

ஓட்டைக்குளத்தில் பெத்தையா என்று ஒருவர் இருந்தார். ஓட்டு வீடு ஒன்று, எருமை ஒன்று, இதுதான் அவர் சொத்து. சாகும் தறுவாயில் ஓர் உயில் எழுதினார். அதை நிறைவேற்றுகிற பொறுப்பை விவரமான ஆளிடம் விட்டால் ஏமாற்றிவிடுவான் என்று பயந்து, ஏமாற்றவே தெரியாத மூன்று பேரைத் தேடிப் பிடித்தார். அம்மாசி, சாத்தப்பன், வீராச்சாமி. அந்த மூவருக்கும் ஏமாற்றத் தெரியாது என்பது நூற்றுக்கு நூறு உண்மை. மற்றது எதுவும் தெரியாது என்பதை மனிதர் கவனிக்கத் தவறிவிட்டார்.

உயிலில் இருந்தது மூன்றே வரி. ‘என் வீட்டையும் எருமையையும் என் மகள் சீனியம்மாளிடம் ஒப்படைக்க வேண்டியது. ஒப்படைப்பவர்கள், பட்ட சிரமத்துக்குத் தக்க கூலியைச் சொத்திலிருந்து கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டியது. கூடவும் கூடாது, குறையவும் கூடாது.’

சீனியம்மாள் ஆறு மைல் தள்ளி வேப்பங்குளத்தில், இரண்டு பிள்ளைகளோடு ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தாள். புருஷன் இல்லை. ஆடி முடிவதற்குள் அறையைக் காலி பண்ணச் சொல்லியிருந்தார் வீட்டுக்காரர். அப்பா வீட்டை விட்டால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது. ஆடி முடிய இன்னும் பதினெட்டு நாள்.

சாவியைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தால் வேலை முடிந்தது. ஆனால் அம்மாசி உயிலை மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

“சாவி குடுக்கிறதுல என்னய்யா சிரமம் இருக்கு?”

“ஒண்ணுமில்ல,” என்றார் சாத்தப்பன்.

“சிரமம் இல்லாமக் கூலி எடுத்தா அது திருட்டு. எடுக்காம விட்டா, செத்தவர் பேச்சை மீறின பாவம். கட்டாயம்னு எழுதிட்டாரே மனுசன்!”

மூவரும் வெகுநேரம் யோசித்தார்கள். கடைசியில் வீராச்சாமிதான் வழி சொன்னார்.

“அப்ப நாம சிரமப்பட்டே ஆகணும்ண்ணே.”

“அதுவும் நியாயமான சிரமமாப் படணும்,” என்றார் அம்மாசி.

மறுபடி உயிலைப் பார்த்தார்கள். வீட்டை ஒப்படைக்க வேண்டும் என்றுதான் இருந்தது. சாவி என்ற சொல்லே இல்லை. மூவருக்கும் உயிர் வந்தது. அன்று மத்தியானமே கூரையில் ஏறி ஓடுகளைப் பிரிக்கத் தொடங்கினார்கள்.

வண்டி பிடிக்கலாம் என்று ஊரில் யாரோ சொன்னார்கள். “வண்டியில ஏத்தினா சிரமம் மாட்டுக்குல்ல போகும்? அப்புறம் கூலியும் மாட்டுக்குத்தான்,” என்று சாத்தப்பன் அவரை மடக்கினார். ஆகவே எல்லாம் தலைச்சுமைதான். ஓடு சுமந்தவருக்கு ஓடே கூலி, செங்கல் சுமந்தவருக்குச் செங்கல் கூலி என்று பேசிக்கொண்டார்கள். எருமை தானே நடந்து வந்தால் அதில் இவர்கள் சிரமம் என்ன இருக்கிறது? நாலு காலையும் கட்டி, மூங்கிலில் கோத்து, மூவருமாகத் தூக்கினார்கள். முதல் மைலிலேயே எருமை ஒரு காலைக் கட்டிலிருந்து உருவிச் சாத்தப்பனை உதைத்தது. மற்ற இருவருக்கும் பொறாமையாக இருந்தது.

எட்டாம் நாள், வேப்பங்குளத்தில் சீனியம்மாளின் வாசல் முன்னால் அவள் அப்பா வீடு குவியலாகக் கிடந்தது. அவள் மாரில் அடித்துக்கொண்டாள்.

“ஐயோ பெரியப்பா! குடியிருந்த வீட்டை இப்படிக் கொண்டாந்து போட்டிருக்கீகளே! நான் பிள்ளைகளை எங்க கொண்டுபோய் வைப்பேன்?”

“அழாத தாயி. சல்லிக்காசு ஏமாத்தல,” என்றார் அம்மாசி. “ஓடு எனக்குக் கூலி. செங்கல்லும் மரமும் சாத்தப்பனுக்கு. நிலை, கதவு, பூட்டு வீராச்சாமிக்கு. எருமை மூணு பேருக்கும் பொது. அதெல்லாம் போக மிச்சம் உனக்கு.”

“மிச்சம் என்ன?”

அம்மாசி மடியை அவிழ்த்துச் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார். “இதைத் தூக்கினதுல சிரமமே இல்ல. அதான் கூலி எடுக்கல.”

சீனியம்மாளுக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் சாவியாலேயே மூன்று மண்டையையும் பிளந்திருப்பாள். உள்ளே ஒன்றும் இருக்காது என்பதால் விட்டுவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“சரி பெரியப்பா, இதெல்லாம் இப்ப உங்க பொருள்தானே? வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகணுமே, அது சிரமமில்லையா?”

“ஆறு மைலாச்சே!”

“அந்தச் சிரமத்துக்குக் கூலி யார் தருவா?”

“பொருளுக்குச் சொந்தக்காரன்,” என்றார் அம்மாசி.

“அண்ணே, அது நாமதான்,” என்றார் வீராச்சாமி மெதுவாக.

“ஓடு தூக்கினா ஓடுதானே கூலி? வீடு போய்ச் சேரும்போது என் ஓடு அம்புட்டும் கூலிக்கே போயிருமே!” என்று அலறினார் அம்மாசி.

சாத்தப்பன் அழவே ஆரம்பித்துவிட்டார். மூவரும் குவியலின் மேல் உட்கார்ந்து, எந்தப் பக்கம் தூக்கினாலும் திவால்தான் என்று முடிவுக்கு வந்தார்கள்.

“தாயி, நீதான் காப்பாத்தணும்.”

“எல்லாத்தையும் எனக்குத் தானமாக் குடுத்திருங்க. கோயிலுக்கு நெல்லு அளக்கிறவன் தூக்குக்கூலியா கேக்கிறான்? ஆனா தானத்தை, வாங்குறவ சொல்ற இடத்துல கொண்டாந்து குடுக்கணும். அதான் முறை. எங்க அப்பா மனையில, பழையபடி வீடா நிறுத்திக் குடுங்க. எருமை நடந்தே வரட்டும்.”

மூவரும் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ராப்பகல் பாராமல் சுமந்து, சாந்து குழைத்து, ஆடி கடைசி நாளில் வீட்டை நிறுத்திவிட்டார்கள். ஒரு சுவர் லேசாகக் கோணல். சீனியம்மாள் பிள்ளைகளோடு பால் காய்ச்சிக் குடியேறினாள். வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கொடுத்தாள். இந்த மூவருக்கு மட்டும் கொடுக்கவில்லை. தம்ளரைத் தூக்கியதற்குத் தம்ளரையே எடுத்துக்கொள்வார்கள் என்ற பயம் அவளுக்கு.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். அம்மாசி விடவில்லை. “குறையவும் கூடாதுன்னு எழுதியிருக்கே! இம்புட்டுச் சிரமப்பட்டும் கூலி எடுக்கலன்னா பாவம் நம்ம தலையில.”

“அப்ப, பட்ட சிரமத்தைப் படாததா ஆக்கிரணும்,” என்றார் வீராச்சாமி. “நடந்ததையெல்லாம் பின்னோக்கி நடந்து அழிச்சிருவோம்.”

மறுநாள் காலை மூவரும் வேப்பங்குளம் ரோட்டில் முதுகை முன்னே விட்டு நடந்தார்கள். இரண்டாவது மைலில் சாத்தப்பன் நின்றார்.

“அண்ணே, இது அதைவிடச் சிரமமா இருக்கே. இதுக்கும் கூலி ஏறுமே!”

“அசையாதீங்க!” என்று கத்தினார் அம்மாசி. நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் கால் வலித்தது. நிற்பதற்கும் கூலி ஏறியது. உட்கார்ந்தார்கள், இடுப்பு வலித்தது. கடைசியில் நடுரோட்டில் வரிசையாகப் படுத்துக்கொண்டார்கள்.

எதிரே ஒரு மாட்டுவண்டி வந்தது. வண்டிக்காரர் சத்தம் போட்டுப் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை. இறங்கிவந்து அம்மாசியின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“ஐயா, எங்களைத் தூக்கி ஓரமாப் போட்டா அது உங்க சிரமம்,” என்றார் அம்மாசி கண்ணைத் திறக்காமல். “கூலி குடுக்க எங்ககிட்ட ஒண்ணுமில்ல. தூக்கிட்டு, எங்க மூணு பேர்ல ஒருத்தரைக் கூலியா எடுத்துக்கோங்க.”

வண்டிக்காரர் மூவரையும் ஏற இறங்கப் பார்த்தார். வண்டியில் ஏறி, மாட்டைத் திருப்பி, கருவேல முள்ளுக்குள் இறக்கி ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

“தங்கமான மனுசன்,” என்றார் அம்மாசி. “கூலியே வேணாம்னுட்டாரு.”