ஏழு மணிக்கு எண்ணிய மூச்சு

இருபத்தாறு, இருபத்தேழு, இருபத்தெட்டு.

நொடிமுள் ஒரு சுற்றை முடித்தது. தங்கபுஷ்பம் கொம்பையாவின் நெஞ்சிலிருந்து கண்ணை எடுத்து, கால்மாட்டில் தொங்கிய தாளில் எழுதினாள். காலை ஏழு மணி. மூச்சு, நிமிடத்துக்கு இருபத்திரண்டு.

பத்தொன்பது வருடம் இதே மாதிரித் தாள்களில் எழுதிய கை.

"இன்னைக்குத்தான பரீச்ச?" என்றார் கொம்பையா.

"ஆமா அண்ணாச்சி. பத்து மணிக்கு."

"கவலைப்படாதீய. சர்க்கரை, கிட்னி, இருதயம், கண்ணு, காலு... பலசரக்குக் கடையே எங்கிட்ட இருக்கு. பரீச்சைக்கு வார அதிகாரி எதக் கேட்டாலும்..." அவர் நிறுத்தி மூச்சை இழுத்தார். "எடுத்துக் குடுப்போம்."

"பேசாதீங்க. மூச்சு வாங்குது பாருங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது.

"வாய் மட்டும் அடங்காது இந்த மனுசனுக்கு" என்றாள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி பேச்சியம்மாள். "நீங்க பாஸாயிருவீய தாயி. அம்மனுக்கு நேந்திருக்கேன்."

தங்கபுஷ்பத்துக்கு நாற்பத்துமூன்று வயது. தாலுகா ஆஸ்பத்திரி நர்ஸ் வேலையிலிருந்து படிப்பு விடுப்பு வாங்கிக்கொண்டு, நர்சிங் பட்டம் முடிக்க வந்திருந்தாள். போன வருடம் செய்முறைத் தேர்வில் விழுந்துவிட்டாள். விடுப்பு இந்த மாதத்தோடு சரி. இன்றும் விழுந்தால் பட்டமில்லாமல் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டியதுதான்.

தேர்வுக்கான நோயாளியாகக் கொம்பையாவை அவளிடம் ஒப்படைத்து ஆறு வாரமாகிறது. பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். ஒரு நோய்க்குக் கொடுக்கிற மருந்து அவருடைய இன்னொரு நோய்க்கு ஆகாது. எந்த மாத்திரைக்குப் பிறகு மயக்கம் வரும், ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் தண்ணீர் தாங்கும், எந்தப் பக்கம் படுக்க வைத்தால் முதுகுப் புண் உரசாது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. எழுபது பக்கத்துக்கு எழுதி வைத்திருந்தாள்.

இருபத்தெட்டு என்று எழுதினால் டாக்டரைக் கூப்பிட வேண்டும். டாக்டர் வந்தால் அவரை மூன்றாம் மாடிக்கு, ஐ.சி.யு.வுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அவருடைய பதினாலாம் படுக்கை காலியாகிவிடும். பத்து மணிக்கு முன்பின் தெரியாத யாரோ ஒரு நோயாளி முன்னால் நிறுத்தி, இவரைப் பற்றிச் சொல்லு என்பார்கள்.

மூன்று மணி நேரம். அவளுக்கு அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

ஐந்தரை மணிக்கே கொம்பையா இன்னொரு தலையணை கேட்டிருந்தார். படுத்தால் நெஞ்சை அடைக்கிறது என்றார். கொடுத்தாள். பாதம் ராத்திரியே வீங்கியிருந்தது. முந்தின நாள் நடக்க வேண்டிய டயாலிசிஸ், மெஷின் பழுதென்று தள்ளிப்போயிருந்தது. இவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கத் தெரியாதவள் அல்ல அவள். சேர்க்கவில்லை.

ஏழரைக்கு நிலோபர் வார்டு வாசலில் வந்து நின்றாள். தங்கபுஷ்பத்துக்குப் பாடம் சொல்லித் தருகிறவள். முப்பத்தோரு வயது. வகுப்பில் யாரையும் திட்டமாட்டாள், அதனாலேயே எல்லோருக்கும் பயம். அவள் தங்கபுஷ்பத்தை அக்கா என்பாள். தங்கபுஷ்பம் அவளை மேடம் என்பாள்.

"பதினாலு எப்படி இருக்காரு அக்கா?"

"நல்லா இருக்காரு மேடம்."

"மூச்சு?"

"இருபத்திரண்டு."

நிலோபர் தலையாட்டிவிட்டு வாசலோடு திரும்பிப் போனாள்.

எட்டு மணிக்கு கொம்பையா எழுந்து உட்கார்ந்துகொண்டார். இரண்டு கையையும் மெத்தையில் ஊன்றி, வாயைத் திறந்து காற்றைக் கடித்தார். உதடு கறுத்திருந்தது. பேச்சியம்மாள் "ஏங்க, ஏங்க" என்று அவர் முதுகைத் தடவினாள். தங்கபுஷ்பம் ஆக்சிஜன் குழாயை மாட்டிக்கொண்டே டாக்டரைக் கூப்பிடச் சொல்லிக் கத்தினாள். சத்தம் கேட்டு நிலோபர் ஓடி வந்தாள்.

ஸ்ட்ரெச்சரை லிப்டுக்குள் தள்ளும்போது தங்கபுஷ்பம் கேட்டாள். கேட்கக் கூடாது என்று தெரிந்தே கேட்டாள்.

"எனக்கு வேற பேஷன்ட் குடுப்பீங்களா மேடம்?"

"எதுக்கு?"

"பரீட்சைக்கு."

"உங்க பேஷன்ட் இவருதான. இவரு எங்கேயோ நீங்களும் அங்க."

"ஐ.சி.யு.லயா? அங்க பரீட்சை வைப்பாங்களா?"

"வைக்காம என்ன? கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

லிப்ட் மெதுவாக ஏறியது. தங்கபுஷ்பம் ஆக்சிஜன் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொம்பையாவின் கண் அவள் முகத்திலேயே இருந்தது. அவள் சிலிண்டரின் முள்ளைப் பார்த்தாள்.

மேலே இருந்த டாக்டர் இளவயதுக்காரர். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டபடியே, "எப்ப ஆரம்பிச்சுது?" என்றார்.

"காலையில பார்த்தது இவங்கதான்" என்றாள் நிலோபர். தாளை எடுத்து நீட்டினாள். "வாசிங்க அக்கா."

தங்கபுஷ்பம் வாசித்தாள்.

"ஏழு மணி. மூச்சு இருபத்திரண்டு."

"இப்ப நாப்பது" என்றார் டாக்டர். "ஒரு மணி நேரத்துல இப்படி ஏறியிருக்குன்னா திடீர்னு வந்ததுதான். நுரையீரல்ல ரத்தக்கட்டி போய் அடைச்சிருக்கும். ஸ்கேனுக்குச் சொல்லுங்க. உடனே கீழ எறக்கணும்."

ஸ்கேன் அறை பின்கட்டடத்தில். லிப்ட், நடைபாதை, மறுபடி ஒரு சரிவு. போக இருபது நிமிடம், அங்கே மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். படுத்தால் அவரால் தாங்க முடியாது என்பது அந்த அறையில் ஒருத்திக்குத்தான் தெரியும். அந்த மனிதர் ராத்திரியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நீரில் மூழ்கிக்கொண்டிருந்தார்.

வார்டு பணியாளர் ஸ்ட்ரெச்சரின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தக் குனிந்தார்.

"இருபத்தெட்டு" என்றாள் தங்கபுஷ்பம்.

டாக்டர் திரும்பினார். "என்ன இருபத்தெட்டு?"

"ஏழு மணிக்கு. இருபத்தெட்டு எண்ணினேன். இருபத்திரண்டுன்னு எழுதினேன். அஞ்சரைக்கே படுக்க முடியலன்னு தலையணை கேட்டாரு. கால் ராத்திரியே வீங்கியிருந்துச்சு. நேத்து டயாலிசிஸ் நடக்கல. இது கட்டி இல்ல டாக்டர். நுரையீரல்ல தண்ணி."

பணியாளர் ஸ்ட்ரெச்சரிலிருந்து கையை எடுத்தார். ஆக்சிஜன் மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

"ஏன் மாத்தி எழுதுனீங்க?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. "ஸ்கேன் வேண்டாம். டயாலிசிஸ்காரங்களைக் கூப்பிடு. ஓடு" என்றார் பணியாளரிடம்.

நிலோபர் தன் பேனாவை எடுத்து நீட்டினாள்.

"திருத்துங்க அக்கா. பத்து மணிக்கு வாரவரு முதல்ல இந்தத் தாளைத்தான் பார்ப்பாரு. தெரியும்ல?"

"தெரியும் மேடம்."

தாளில் எதையும் அழிக்கக் கூடாது. மேலே எழுதி மறைக்கவும் கூடாது. தவறின் மேல் ஒரே கோடு. அடியில் இருப்பது வாசிக்கிற மாதிரித் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியானது, நேரம், கையெழுத்து. தாலுகா ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்த எத்தனையோ பெண்களுக்கு அவளே சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

ஒரு கோடு போட்டாள். இருபத்தெட்டு என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

பத்து மணிக்கு வெளியூர்க் கல்லூரியிலிருந்து வந்த தேர்வு அதிகாரி அந்தக் கோட்டைப் பார்த்தார். இது என்ன என்று கேட்டார். சொன்னாள். அவர் எழுபது பக்கத்தையும் புரட்டாமல் மூடி அவளிடமே கொடுத்துவிட்டு, அடுத்த மாணவியைத் தேடிப் போனார். மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது.

அவள் வெளியே வந்தபோது பேச்சியம்மாள் ஐ.சி.யு. வாசல் பெஞ்சிலிருந்து எழுந்தாள்.

"அவருக்கு எப்படி இருக்கு தாயி?"

"மெஷின் போட்டிருக்காங்க. ரத்தத்தைச் சுத்தம் பண்ணுது."

"நீங்க பாஸாயிட்டீயளா?"

"இல்லம்மா."

"ஐயோ." பேச்சியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இந்த மனுசன் நேரங்கெட்ட நேரத்துல இப்படிப் படுத்ததாலயா?"

தங்கபுஷ்பத்தால் கையை விடுவித்துக்கொள்ள முடியவில்லை.

ஒன்றரை மணிக்கு, மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, கொம்பையாவின் இருதயம் நின்றது. இருபது நிமிடம் நெஞ்சை அழுத்திப் பார்த்தார்கள். அதில் கடைசிப் பத்து நிமிடம் அழுத்தியது தங்கபுஷ்பம். டாக்டர் அவள் தோளைத் தொட்டுப் போதும் என்றார்.

நிலோபர் மாடிப்படித் திருப்பத்தில் நின்றிருந்தாள். தங்கபுஷ்பம் அவளுக்கு இரண்டு படி மேலே வந்து நின்றாள்.

"காலையிலயே உங்களுக்குச் சந்தேகம் வந்துதா மேடம்? அதனாலதான் என்னை வாசிக்கச் சொன்னீங்களா?"

"இல்ல."

"பின்ன?"

"எழுதினவங்க வாசிக்கிறதுதான வழக்கம். நீங்க இருபத்திரண்டுன்னு சொன்னீங்க. நம்பினேன். வாசலோட திரும்பிட்டேன்."

கீழே யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது.

"எனக்கு என்ன தண்டனை வேணா குடுங்க" என்றாள் தங்கபுஷ்பம். "கல்லூரியில எழுதிக் குடுங்க. நர்சிங் கவுன்சிலுக்கு எழுதுங்க."

"எழுதியாச்சு. என் பேரையும் சேர்த்துத்தான்."

தங்கபுஷ்பம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏழு மணிக்கே சொல்லியிருந்தா பிழைச்சிருப்பாரா?"

நிலோபர் வாளிச் சத்தம் வந்த பக்கம் பார்த்தாள்.

"ஆமான்னாவது சொல்லுங்க. இல்லேன்னாவது சொல்லுங்க மேடம்."

"இல்லேன்னு சொன்னா ராத்திரி தூங்கிருவீங்க. ஆமான்னு சொன்னா அழுது தீர்த்துட்டுத் தூங்கிருவீங்க." நிலோபர் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "எனக்குத் தெரியாது அக்கா. ஏழு மணிக்குத் தெரிஞ்சிருக்கும். இனிமே யாருக்கும் தெரியாது."

தங்கபுஷ்பம் திரும்பிப் படியேறி ஐ.சி.யு. வராந்தாவுக்குப் போனாள்.

பேச்சியம்மாள் பெஞ்சில் சுவரோடு சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். ஊரிலிருந்து ஆட்கள் வரக் காத்திருந்தாள். தரையைத் துடைத்துக்கொண்டு வந்த பெண் பெஞ்சுக்கு அடியிலும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு நகர்ந்தாள். பேச்சியம்மாளின் முந்தானை நழுவி அந்த ஈரத்தில் கிடந்தது.

தங்கபுஷ்பம் குனிந்து முந்தானையை எடுத்து, நுனியைப் பிழிந்து, அவள் மடியில் வைத்தாள்.