நூற்றெட்டுச் சுற்று

ஆவாரம்பட்டி மலையடிவாரத்து மடத்தில், பதின்மூன்று வருடமாக ஒரு நாள்கூடக் கண்ணை மூடி உட்காராத ஒரு சிஷ்யை இருந்தாள். பெயர் குமுதவல்லி. வியாழக்கிழமை அன்னதானத்துக்கு அறுபது பேருக்குச் சமைப்பவள் அவள்தான். தியான மண்டபத்தை அவ்வப்போது எட்டிப் பார்ப்பாள். அதுவும் உள்ளே எத்தனை தலை என்று எண்ணி, அதற்கேற்ப உலை வைப்பதற்காக.

குரு தையல்நாயகி அம்மை அவளைவிட நான்கு வயது சின்னவர். முந்தைய குரு பெரியசாமி காலமாகும்போது மடத்தை இவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். அம்மை அவளை 'அக்கா' என்று கூப்பிடுவார். அவள் அவரை 'அம்மா' என்பாள். இதில் யார் யாருக்குப் பெரியவர் என்று புதிதாக வருகிறவர்கள் குழம்புவார்கள். அவர்கள் இருவருக்கும் குழப்பம் இல்லை.

ஒரு நாளாவது வந்து உட்காரக் கூடாதா என்று மற்ற சீடர்கள் கேட்டால், நான் உட்கார்ந்தால் நீங்கள் எல்லோரும் பட்டினி என்று சொல்லிக் கரண்டியோடு போய்விடுவாள். அம்மை ஒரு முறைகூட அவளை வற்புறுத்தியதில்லை.

கல்யாணமாகிப் பதினான்காம் வருடம், முப்பத்தெட்டு வயதில், குமுதவல்லிக்கு நாள் தள்ளிப்போனது.

ஊரே கூடிப் புத்தி சொன்னது. பப்பாளி ஆகாது, கனமான குடம் தூக்காதே, கிரகணத்தில் வெளியே வராதே என்று ஆளுக்கு ஒன்று. அவர்கள் பயமுறுத்தியதில் பாதி நடக்கவில்லை. நடந்ததை யாரும் முன்னால் சொல்லியிருக்கவில்லை. பதின்மூன்று வருடம் தன் கையால் தாளித்த அதே கடுகும் பெருங்காயமும் குடலைப் புரட்டும் என்று அவளுக்குத் தெரியாது. பல் துலக்கினால் ஈறில் ரத்தம் வரும் என்று தெரியாது. பாதம் வீங்கிச் செருப்பு கொள்ளாமல், கணவன் சபாபதியின் செருப்பை மாட்டிக்கொண்டு திரிந்தாள். யார் வீட்டு ஆடோ குட்டியைத் தேடிக் கத்தியதற்கு, அடுப்படியில் நின்று அரை மணி நேரம் அழுதாள்.

ஐந்தாம் மாதம் திருநீற்றைத் தின்ன வேண்டும் என்று ஆசை வந்தது. மடத்துத் தட்டிலிருந்து ஒரு கை அள்ளுவாள். நெற்றியில் ஒரு கீற்று, மீதியெல்லாம் வாயில். பிள்ளைத்தாய்ச்சிக்குப் பக்தி முற்றிவிட்டது என்று எல்லோரும் மெச்சினார்கள். அம்மை காலியான தட்டைப் பார்த்தார், அவளுடைய வெளுத்த நகங்களையும் பார்த்தார். உடம்பில் ரத்தம் குறைவாக இருக்கிறது, சுகாதார நிலையத்து நர்ஸம்மாவிடம் போய் இரும்புச்சத்து மாத்திரை கேளுங்கள் என்று அனுப்பி வைத்தார். மாத்திரை போட்ட சில வாரங்களில் அந்த ஆசை போய்விட்டது. குமுதவல்லிக்கு முன்போல பக்தி இல்லை என்று மடத்தில் பேச்சு வந்தது.

இதெல்லாம் சிரித்துக் கடந்துவிடக்கூடிய சங்கதிகள். வயிற்றுக்குள் அசைவு தெரிய ஆரம்பித்த பிறகுதான் அவளுடைய நிம்மதி போனது. முதல் முறை அது அசைந்தபோது கையில் இருந்த அரிசிப் படியைக் கீழே போட்டுவிட்டு, அப்படியே நின்றாள். அவ்வளவு சந்தோஷத்தை அவள் பார்த்ததில்லை. அது இருக்கிறது என்று தெரிந்த அதே நாளில், அது இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயமும் வந்து சேர்ந்தது. குழந்தை இல்லாத பதின்மூன்று வருடத்தில் அவள் இப்படிப் பயந்ததே இல்லை.

ஏழாம் மாத முடிவில் நர்ஸம்மா ஒன்று சொன்னார். சாப்பிட்டதும் இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். படுத்துக்கொண்டு குழந்தை எத்தனை முறை அசைகிறது என்று எண்ண வேண்டும். இரண்டு மணி நேரத்தில் பத்துக்குக் குறைந்தால் உடனே ஓடி வர வேண்டும். இதில் எண்ணுவதும் ஓடி வருவதும் குமுதவல்லியின் மனதில் ஆணி அடித்த மாதிரி நின்றன. படுப்பது மட்டும் தங்கவில்லை. பகலில் படுக்கிற வழக்கம் அவளுக்குப் பிறந்ததிலிருந்தே கிடையாது.

எண்ணினாள். அரிசி களைந்தபடி எண்ணினாள், தண்ணீர் இறைத்தபடி எண்ணினாள், சந்தைக்கு நடந்தபடி எண்ணினாள். ஒரு நாள் மதியம் வரைக்கும் நாலுதான் வந்தது. மறுநாள் மூன்று. வளையல் சத்தம் கேட்டால் பிள்ளை முழிக்கும் என்று வளைகாப்பில் யாரோ சொன்னது ஞாபகம் வந்து, போகிற வழியெல்லாம் கையைக் குலுக்கிக்கொண்டு போனாள். எதிரில் வந்தவர்கள் யாரைக் கூப்பிடுகிறாள் என்று திரும்பிப் பார்த்தார்கள்.

வேறு வழி தெரியாமல் குளத்தங்கரை அரசமரத்தடிப் பிள்ளையாரிடம் போய் நின்றாள். பிள்ளை நன்றாக அசைந்தால் போதும், தினம் பதினொரு சுற்று வருகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். சுற்றினாள். அசைவு இன்னும் குறைந்தது. பதினொன்று போதவில்லை போலிருக்கிறது என்று இருபத்தேழாக்கினாள். அதற்கும் குறைந்தது. ஐம்பத்து நாலாக்கினாள். கடைசியில் காலையில் நூற்றெட்டு, மாலையில் நூற்றெட்டு என்று வந்து நின்றது. இரவு படுத்தால் அலுப்பில் அடித்துப் போட்டது போலத் தூங்கினாள். வயிற்றுக்குள் என்ன நடந்தாலும் தெரியாத தூக்கம். விடிந்ததும் எழுந்து மறுபடி ஓடினாள்.

சபாபதி மினி பஸ் ஓட்டுகிறவன், அதிகம் பேசமாட்டான். அவனே பொறுக்காமல் ஒரு நாள், கொஞ்சம் உட்காரேன் குமுதா என்றான். உட்கார்ந்தால் உங்கள் பிள்ளை அசைந்துவிடுமா என்று கேட்டு ஒரு பார்வை பார்த்தாள். அவன் பஸ் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அந்த வாரம் மட்டும் சுகாதார நிலையத்துக்கு நான்கு முறை போய்விட்டாள். நர்ஸம்மா சலித்துக்கொள்ளாமல் ஒவ்வொரு முறையும் வயிற்றில் கருவியை வைத்துத் துடிப்பைக் கேட்கச் செய்வார். எல்லாம் நன்றாக இருக்கிறது, போய்ப் படுத்துக்கொண்டு எண்ணு, குறைந்தால் எப்போது வேண்டுமானாலும் வா என்பார். அந்தச் சத்தம் காதில் இருக்கும்வரை குமுதவல்லி நம்புவாள். வாசல் கேட்டைத் தாண்டியதும் நம்பிக்கை தீர்ந்துவிடும். வீட்டுக்குப் போகாமல் நேரே பிள்ளையாரிடம் போவாள்.

நாலாவது முறை போய்வந்தது ஒரு புதன்கிழமை. அன்று அறுபத்து மூன்றாவது சுற்றில் அவளால் தாங்க முடியவில்லை. வயிறு கல் மாதிரி சும்மா இருந்தது. சுற்றைப் பாதியில் விட்டுவிட்டு மடத்தைப் பார்த்து நடந்தாள்.

அம்மை கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். குமுதவல்லி உட்காரவில்லை. இந்தத் தூணுக்கும் அந்தத் தூணுக்கும் நடந்துகொண்டே பேசினாள்.

"காலையில இருந்து ஒரு அசைவுகூட இல்லம்மா."

"நர்ஸம்மா பார்த்தாங்களா?"

"இப்ப ஒரு மணி நேரத்துக்கு முந்திதான் பார்த்தாங்க. துடிப்பு நல்லா இருக்குன்னாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் அறுபத்து மூணு சுத்து வந்துட்டேன். அசையவே இல்ல." அவள் தூணைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். "இந்த வயசுல ஆசைப்பட்டது தப்பாம்மா?"

அம்மை கீரை முறத்தைத் தள்ளி வைத்தார். காலையிலிருந்து தலைவலி, கொஞ்ச நேரம் மடி கொடுங்கள் அக்கா என்றார்.

குமுதவல்லிக்குக் கோபம்தான் வந்தது. நான் உயிர் போகிற பயத்தில் வந்திருக்கிறேன், இவருக்குத் தலைவலி. பிள்ளை பெறாதவருக்கு என்ன தெரியும் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. வந்ததும் வெட்கமாகிவிட்டது. பதின்மூன்று வருடத்தில் அம்மை தனக்கென்று அவளிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டதில்லை. இன்று கேட்கிறார். மறுக்க முடியவில்லை.

சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, மெல்ல உட்கார்ந்தாள். எட்டு மாத வயிறு போக மிச்சமிருந்த மடியில் அம்மை தலை வைத்துப் படுத்தார். கன்னம் வயிற்றை ஒட்டியிருந்தது.

"நானா எழுந்திருக்கிற வரைக்கும் அசையாதீங்க அக்கா."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

முதலில் குமுதவல்லிக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. அடுப்பில் பால் இருக்கிறதோ என்று தோன்றியது. முறத்தின் ஓரத்தில் எறும்பு ஏறியது, அதைத் தட்டிவிடக் கை போனது, பாதியில் நின்றது. மிச்சச் சுற்றை எப்போது முடிப்பது என்று கணக்குப் போட்டாள். நர்ஸம்மாவிடம் மறுபடி போகலாமா என்று யோசித்தாள். தொடை மரத்துப்போனது. மாற்றி உட்காரலாம் என்றால் அம்மையின் மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. தூங்குகிறவரை எப்படி எழுப்புவது? குருவின் தலையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு ஓடவா முடியும்?

எங்கும் போக வழியில்லை என்று ஆன பிறகு, தூக்கிப் பிடித்திருந்த தோள் இறங்கியது. மூச்சு நீளமாக வந்தது. கூடத்துத் தரையில் வெயில் ஒரு கல் தள்ளி நகர்ந்திருந்தது. எண்ணுவதை எப்போது விட்டோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

அப்போது வயிற்றின் அடிப்பக்கம் ஓர் உதை விழுந்தது. நேராக அம்மையின் கன்னத்தில்.

இன்னொன்று விழுந்தது. இந்த முறை காதில்.

"அம்மா, மன்னிச்சிடுங்க. உங்க மேல கால் பட்டுடுச்சு."

"பட்டுச்சு," என்றார் அம்மை, கண்ணைத் திறக்காமல். "நல்ல பலம்."

மூன்றாவது வந்தது. நாலாவது புரண்டு ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போனது. குமுதவல்லி அழ ஆரம்பித்தாள். கண்ணீர் அம்மையின் தலைமுடியில் சொட்டியது. துடைக்கக்கூட அவள் கை எடுக்கவில்லை.

"இத்தனை நாளா எங்கம்மா போயிருந்துச்சு இது?"

"பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூங்க வைக்கணும்னா என்ன செய்வீங்க அக்கா?"

"தூளியில போட்டு ஆட்டுவேன்."

"எவ்வளவு நேரம் தூங்கும்?"

"ஆட்டுற வரைக்கும் தூங்கும். நிறுத்தினா உடனே முழிச்சுக்கிட்டுக் கையைக் காலை..."

பாதியில் நிறுத்திவிட்டாள். பதினொன்று, இருபத்தேழு, ஐம்பத்து நாலு, நூற்றெட்டு. பிள்ளை முழிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, காலையும் மாலையும் தானே ஆட்டித் தூங்க வைத்திருக்கிறாள். இத்தனை நாளும் பிள்ளையார் என்ன நினைத்திருப்பாரோ என்று தோன்றியதும், அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு குலுங்கக் கூடாதே என்று அடக்கிக்கொண்டாள்.

சிரிப்பு அடங்கிய மறுநிமிடம் பழைய பரபரப்பு தலைதூக்கியது. சபாபதிக்குச் சொல்ல வேண்டும். பாதியில் விட்டுவந்த வேண்டுதல் வேறு நிற்கிறது. பிள்ளையாரும் கேட்டதைக் கொடுத்துவிட்டார், இனி அவருக்குக் குறை வைக்கக் கூடாது. அவள் மெல்லக் கையைத் தரையில் ஊன்றினாள்.

"மிச்சம் நாற்பத்தஞ்சு சுத்து இருக்கும்மா. ஒரு எட்டு போய் முடிச்சிட்டு வந்துடறேன்."

சொல்லி வாயை மூடவில்லை, அடுத்த உதை விழுந்தது.

அம்மை தலையை எடுக்கவில்லை.

"உள்ள இருந்து கதவைத் தட்டுறாங்க அக்கா," என்றார். "வீட்ல ஆள் இருக்கீங்களா, இல்லையா?"