கூறப்படுகிறது

ஞானதுரை பத்திரிகைத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர். ஆனால் தொலைக்காட்சிக்கு வந்த பிறகு, செய்தி ஆசிரியர் ரஹ்மத் நிஷாவைத்தான் குருவாக வரித்துக்கொண்டார். குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம். செய்தி அறையில் அதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் இல்லை. வேலை தெரிந்தவரிடம் கற்க வெட்கம் எதற்கு என்பது அவர் கட்சி.

அன்று சூறைக்காற்றில் சிக்கிய விசைப்படகு ஒன்று கரை திரும்பவில்லை. அதில் ஐந்து மீனவர்கள். மதியச் செய்திக்கு முன்பே மற்ற சேனல்கள் எல்லாம் 'ஐவர் பலி' என்று அலறத் தொடங்கிவிட்டன. ஞானதுரைக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவசரமாக ஒரு வரி எழுதி எடுத்துக்கொண்டு போனார்.

ரஹ்மத் நிஷா படித்தார். 'ஐந்து மீனவர்களும் பலியானதாகக் கூறப்படுகிறது.'

"யார் கூறினது சார்?"

"எல்லா சேனல்லயும் ஓடுது மேடம். நாமளும் 'கூறப்படுகிறது'ன்னுதானே போடறோம். நாளைக்கு நம்ம தலையில விடியாது."

"அவங்களுக்கு யார் கூறினது? கேட்டுட்டு வாங்க."

முதலில் 'பலி' போட்ட சேனலில் ஞானதுரையின் பழைய சிநேகிதர் தாமோதரன் இருந்தார். அவருக்குப் போன் போட்டார்.

"என்னப்பா விளையாடறியா?" என்றார் தாமோதரன். "ஒங்க டிவியைப் பாத்துத்தான் நாங்க போட்டோம். 'மீனவர்களின் கதி என்ன?'ன்னு காலையில ஓட்டினீங்களே. உள்ள விஷயம் தெரியாமலா அப்படிப் போடுவீங்க?"

அந்த வரியை எழுதியவர் ஞானதுரைதான். விஷயம் ஒன்றும் தெரியாததால்தான் அப்படி எழுதியிருந்தார். அது ஊரெல்லாம் சுற்றி, கண் காது மூக்கு வைத்துக்கொண்டு அவரிடமே திரும்பி வந்திருக்கிறது.

நடந்ததை ஒளிக்காமல் வந்து சொன்னார். குரு திட்டவில்லை. ஞானதுரை எழுதிய வரியை அடித்துவிட்டு வேறு எழுதினார். 'ஐந்து மீனவர்களையும் மீட்புப் படகுகள் தேடி வருகின்றன. அவர்கள் இறந்ததாக இதுவரை யாரும் உறுதி செய்யவில்லை.'

செய்தி அப்படியே போனது. உடனே முதலாளி அறையிலிருந்து போன் வந்தது. நாம் மட்டும் ஏன் பின்தங்கிவிட்டோம் என்று கேட்டார்கள்.

"என் பொறுப்பு சார்," என்று சொல்லி வைத்துவிட்டார் ரஹ்மத் நிஷா.

ஞானதுரைக்கு மனசு ஆறவில்லை. "தப்பு என்னுதுதான் மேடம், ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு கேக்கறேன். ஊரே செத்துட்டாங்கன்னு சொல்றப்ப, நாம 'தேடறாங்க'ன்னு சப்புன்னு சொன்னா, நம்ம டிவியை யார் பாப்பாங்க?"

குரு பதில் சொல்வதற்குள் மேஜைப் போன் மீண்டும் அடித்தது. எடுத்தவர் சிறிது நேரம் கேட்டுவிட்டு ஸ்பீக்கரைப் போட்டார்.

ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். "எங்க வீட்டுக்காரரு அந்தப் போட்டுலதாங்க போயிருக்காரு. எல்லா டிவியிலயும் முடிஞ்சுபோச்சுன்னு சொல்லுதாங்க. ஒங்க டிவியில மட்டுந்தான் தேடுதாங்கன்னு வருது. தெருவே இங்க உக்காந்து அதத்தான் பாத்துக்கிட்டு இருக்கோம். நெசந்தானா?"

ரஹ்மத் நிஷா போனை அவர் பக்கம் நகர்த்தினார். "யார் பாப்பாங்கன்னு கேட்டீங்கல்ல சார்? இவங்கதான். நீங்களே பதில் சொல்லுங்க."