மூன்று கப்பல் மென்மரம்

செங்கானூர் மன்னர் கனகராயருக்குத் தோற்பதென்றால் வேப்பங்காய். பக்கத்து நாடான கொற்றவாடியில் இரண்டு தூறல் அதிகமாகப் பெய்தால்கூட அன்று அவருக்குச் சோறு இறங்காது.

அப்பேர்ப்பட்டவரின் சபைக்குக் கொற்றவாடியிலிருந்து ஒரு தூதர் வந்தார். பெயர் உக்கிரப்பெருமாள். கையில் நீளமான துணிச்சுருள். இரண்டு நாடுகளும் பத்தாண்டுகளாகக் குளிர்தேசங்களிலிருந்து கப்பலில் வரவழைத்த மென்மரக் கணக்கு அது. மென்மரம் என்றால் ஆணியை வைத்தாலே உள்ளே போய்விடும், அவ்வளவு மெத்து.

"முதலாம் ஆண்டு நாங்கள் பத்துக் கப்பல், நீங்கள் மூன்று. ஐந்தாம் ஆண்டு நாங்கள் முப்பது, நீங்கள் மூன்று. போன ஆண்டு நாங்கள் அறுபது. நீங்கள்..." தூதர் சுருளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "அடடா, அதே மூன்று!"

மன்னருக்கு முகம் சிவந்துவிட்டது. அரசவைப் புலவர் அம்பலத்தாடியைக் கிட்டே அழைத்துக் காதைக் கடித்தார்.

"இந்த ஆளுக்கு முன்னால் நாம் ஜெயித்தாக வேண்டும். கணக்கைத் திருத்தக் கூடாது, பொய்யும் சொல்லக் கூடாது. முடியாவிட்டால் உமது மீசையை இங்கேயே மழித்துவிடுவேன்."

அம்பலத்தாடி மீசையை இரு கையாலும் பொத்திக்கொண்டார். பன்னிரண்டு வருஷமாக நெய் தடவி வளர்த்த மீசை! அது இல்லாமல் வீட்டுக்குப் போனால் மனைவியே "யாரய்யா நீர்?" என்று கதவைச் சாத்திவிடுவாள். அறுபதுக்கு முன்னால் மூன்றை எப்படி ஜெயிக்க வைப்பது? ஒன்றும் தோன்றாமலேயே தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

"தூதரே, அந்தக் கணக்கின் தலைப்பை ஒருமுறை வாசியுங்கள்."

"மென்மர இறக்குமதி."

"எனக்குக் காது மந்தம். கொஞ்சம் நிறுத்தி..."

"மென்மர... இறக்கு... மதி!"

அந்தக் கடைசிச் சொல்லில் அம்பலத்தாடிக்குப் பொறி தட்டியது.

"மதி என்றால் அறிவு. அதை இறக்கினால் இறக்குமதி! முதலாம் ஆண்டு பத்துக் கப்பல் அளவுக்கு இறங்கிய உங்கள் மதி, போன ஆண்டு அறுபது கப்பல் அளவுக்கு இறங்கிவிட்டது. அதைத் துணியில் எழுதி ஊரெல்லாம் காட்டவும் கிளம்பிவிட்டீர்களே, பாவம்!"

சபை கொல்லென்று சிரித்தது. ஆனால் தூதரும் லேசுப்பட்ட ஆள் இல்லை.

"இருக்கட்டும் புலவரே. உங்கள் நாட்டிலும் ஆண்டுக்கு மூன்று கப்பல் இறங்கியிருக்கிறதே, அந்த மரத்தை வரவழைத்தது யார்?"

சிரிப்பு பட்டென்று நின்றது. மூன்று கப்பலும் மன்னர் தமக்கு ஊஞ்சல் செய்ய வரவழைத்தவை. மெத்தென்று இருக்கும் என்று மென்மரத்தில்தான் ஊஞ்சல் வேண்டும் என்பார். அவர் எடை தாங்காமல் அது முறியும். மறு ஆண்டு மறுபடி மரம் வரும். இதெல்லாம் சபையில் எல்லோருக்கும் தெரியும். உண்மையைச் சொன்னால் மன்னரின் மதி இறங்கியதாக ஆகும். வேறு யார் பெயரைச் சொன்னாலும் அது பொய். நாவிதரை அழைக்க மன்னரின் கை உயர்ந்தது.

"சாட்சாத் எங்கள் மன்னர்தான்" என்றார் அம்பலத்தாடி.

சொல்லிவிட்டு மன்னரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

"அவருக்கு அபார மதி, தூதரே. ஆண்டுக்கு மூன்று கப்பல் அளவுக்காவது அதை இறக்கிக்கொண்டால்தான், நாங்கள் பேசுவது அவருக்குப் புரிகிறது!"

மன்னர் சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று மடியில் விழுந்தது. தம் முத்துமாலையைக் கழற்றி அம்பலத்தாடியின் கழுத்தில் போட்டார். தூதர் துணியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

சிரித்து ஓய்ந்த பிறகுதான், 'இவர் என்னைப் புகழ்ந்தாரா, இல்லை...' என்று மன்னருக்கு ஒரு சந்தேகம் வந்தது. அதற்குள் அம்பலத்தாடி மீசையை முறுக்கிக்கொண்டு தெருமுனையைத் தாண்டிவிட்டார்.