இரண்டாவது டிஸ்க்

எக்ஸ்ரே இருட்டறையில் இருபது வருஷம் பிலிம் கழுவிய முப்பிடாதிக்கு, ஐம்பது வயதில் சர்வர் பார்க்கும் வேலை வந்து சேர்ந்தது. குருவாக வாய்த்தவள் ஜெபசெல்வி, அவரைவிடப் பதினெட்டு வயது இளையவள். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். அவர் அவளை மேடம் என்பார். வயதைப் பார்த்தால் பாடம் நடக்குமா?

அன்று காலை ஆஸ்பத்திரியின் ஸ்கேன் சர்வர் எழும்பவில்லை. அதில் இரண்டு டிஸ்க்குகள். ஒன்றில் எழுதுவதெல்லாம் மற்றதிலும் பதியும்படி லினக்ஸில் ஜோடி சேர்த்து வைத்தது. முதல் டிஸ்க் பிழை மேல் பிழையாகக் கக்கியது. முப்பிடாதி இரண்டாவதிலிருந்து கிளப்பிப் பார்த்தார். சமர்த்தாகக் கிளம்பிவிட்டது.

ஆனால் ஆபரேஷன் தியேட்டரில் ஒரு பெண் மூளையில் கட்டியோடு படுத்திருந்தாள். கட்டியில் ரத்தம் கசிய ஆரம்பித்துவிட்டது. மறுபடி ஸ்கேன் எடுக்க நேரமில்லை. முந்தின நாள் எடுத்த ஸ்கேனோ சர்வரில் இல்லை.

தியேட்டரிலிருந்து டாக்டர் மூன்றாம் முறை போன் அடித்தார். முப்பிடாதி கீபோர்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"மேடம், நல்ல டிஸ்க்க அப்படியே பழுதுல காப்பி போட்டா ஜோடி சேந்துரும், எல்லாம் சரியாயிரும். எண்டர் தட்டட்டுமா?"

ஜெபசெல்வி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"எது நல்ல டிஸ்க்?"

"இதுதான். ஒரு பிழைகூட இல்லையே."

"அதுல கடைசி ஸ்கேன் என்னைக்கு?"

பார்த்தார்.

"நாலு மாசத்துக்கு முந்தி."

"மத்ததுல?"

"அது எழும்பவே மாட்டேங்குதே!"

"எழும்ப வேண்டாம். படிக்க முடிஞ்சாப் போதும். ஆனா அதுல ஒரு எழுத்துகூட எழுதிரக் கூடாது, நேத்து ஸ்கேன் அதுலதான் இருக்கு."

சர்வரை அணைத்தாள். இரண்டாவது டிஸ்க்கைக் கழற்றி ஓரமாக வைத்தாள். முதலாவதை வேறொரு கணினியில் மாட்டி, படிக்க மட்டும் திறந்தாள். டிஸ்க் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டது. பாதியில் நின்றது. மறுபடி படிக்க வைத்தாள். மறுபடி நின்றது. போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஐந்தாவது தடவை படம் முழுசாக வந்தது. உடனே தியேட்டருக்கு அனுப்பினாள்.

"வந்துட்டு, ஆரம்பிக்கோம்," என்றார் டாக்டர் போனில்.

முப்பிடாதி நாற்காலியில் சரிந்தார். அழுகை வந்தது, அதன் பின்னாலேயே கோபமும் வந்தது.

"இந்த ரெண்டாவது டிஸ்க் நாலு மாசமா ஜோடியில இல்ல. இருந்தும் இந்த சர்வர் ஒரு வார்த்தை சொல்லலையே மேடம்!"

ஜெபசெல்வி அவருடைய மெயிலைத் திறந்து காட்டினாள். 'ஒரு டிஸ்க் விலகிவிட்டது' என்று சர்வர் தினமும் எழுதியிருந்தது. நூற்றுச் சொச்சம் கடிதங்கள். முதல் கடிதம் மட்டும் திறந்து படிக்கப்பட்டிருந்தது.

முப்பிடாதி தலையைக் குனிந்தார்.

"நான்தான் படிச்சேன். ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கேன்னு விட்டுட்டேன்."

"இருந்துச்சே அண்ணாச்சி. அந்த மொத டிஸ்க் நாலு மாசம் ஒத்தையாத் தாங்குச்சு, நீங்க வருவீங்கன்னு."